மாட்டின் டி செல் எதைப் பார்க்கிறது? ஹார்ட்வாட்டர் கிருமியும் அதன் புரதங்களும்

தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட் மாகாண ஏலத்தில் வாங்கிய நல்ல கிடேரி. ஸூலுலாந்து பக்கம் புதர் அடர்ந்த மேய்ச்சலுக்கு வந்து இரண்டு மூன்று வாரம்கூட ஆகியிருக்காது. காய்ச்சல் 41 டிகிரி செல்சியஸைத் தொடும், தீனி எடுக்காது, மூச்சு வாங்கும், முன்னங்காலை உயரத் தூக்கித் தூக்கி வைத்து நடக்கும், வாயில் ஒன்றும் இல்லாமலே மென்றுகொண்டிருக்கும், கடைசியில் சாய்ந்து விழுந்து காலை உதைத்தபடி உயிரை விடும். அறுத்துப் பார்த்தால் நெஞ்சுக்கூட்டிலும் இதயத்தைச் சுற்றியுள்ள பையிலும் வைக்கோல் நிற நீர் கட்டியிருக்கும். ஹார்ட்வாட்டர் என்று பெயர் வந்தது அதனால்தான். அதே புல்லை மேய்ந்து, அதே உண்ணிகளைச் சுமந்து திரியும் உள்ளூர் ங்குனி மாடுகளுக்கு ஒன்றும் ஆகாது.

ங்குனி இனத்துக்குப் பிறவியிலேயே ஓரளவு தாங்கும் சக்தி உண்டு என்பது மெய்தான். ஆனால் இந்த இரண்டு மாடுகளுக்கும் நடுவே உள்ள பெரிய வித்தியாசம் இரத்தத்தில் சுற்றும் டி செல்கள் என்னும் தற்காப்பு வெள்ளணுக்களின் நினைவில் இருக்கிறது. உள்ளூர் மாட்டின் டி செல்கள் இந்தக் கிருமியின் புரதங்களை முன்பே சந்தித்தவை. ஏலத்தில் வந்த கிடேரியின் டி செல்களுக்கு இது முதல் சந்திப்பு. அவை எண்ணிக்கையில் பெருகித் தயாராவதற்குள் காலம் கடந்துவிடுகிறது. டொங்காட், ஸ்டேங்கர், உம்சின்டோ பக்கங்களில் கரும்போடு நாலு மாடும் பத்து வெள்ளாடும் வைத்திருக்கும் நம் குடும்பங்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி: "இரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்துவிட்டது, இனி மாட்டுக்குப் பயமில்லையா?" அந்தப் பரிசோதனை பார்ப்பது ஒன்று, மாட்டைக் காப்பது வேறொன்று. அதை விளக்கத்தான் இவ்வளவும்.

கிருமி எங்கே குடியிருக்கிறது

நோயைத் தருவது எர்லிக்கியா ருமினான்ஷியம் என்ற பாக்டீரியா. தென்னாப்பிரிக்காவில் இதைப் பரப்புவது பொன்ட் உண்ணி, அதாவது அம்பிளியோமா ஹெப்ரேயம். உண்ணிதான் பரப்புகிறது என்று 1900-இல் சார்ல்ஸ் லௌன்ஸ்பரி நிரூபித்தார். பிரிட்டோரியாவுக்கு வடக்கே உள்ள ஆன்டர்ஸ்டீபோர்ட் ஆய்வகத்தில் 1925-இல் எட்மண்ட் கௌட்ரி கிருமியையே கண்டறிந்தார். நெடுங்காலம் அவர் பெயரால் கௌட்ரியா என்று அழைக்கப்பட்டது. 2001-இல் எர்லிக்கியா குடும்பத்தோடு சேர்க்கப்பட்டது.

பொன்ட் உண்ணி மூன்று விலங்குகளில் ஏறி இறங்கும் வகை. குஞ்சு ஒன்றில், இளம் உண்ணி இன்னொன்றில், வளர்ந்தது மூன்றாவதில் இரத்தம் குடிக்கும். ஒரு பருவத்தில் குடித்த இரத்தத்தோடு வந்த கிருமி, தோலுரித்து அடுத்த பருவத்துக்குப் போகும்போதும் உண்ணிக்குள் தங்கிவிடும். தேறிய மாடு எட்டு மாதம் வரைகூட உண்ணிக்குக் கிருமியைக் கொடுத்துக்கொண்டிருக்க முடியும். ஆகவே மேய்ச்சலில் கிருமி வற்றுவதில்லை.

மாட்டுக்குள் போனதும் இது இரத்தக் குழாய்களின் உட்சுவர்ச் செல்களுக்குள் நுழைந்துவிடும். மேக்ரோஃபேஜ், நியூட்ரோஃபில் ஆகிய வெள்ளணுக்களுக்குள்ளும் இருக்கும். உள்ளே சவ்வுப்பைகளில் கூட்டங்கூட்டமாகப் பெருகி, செல் வெடிக்கும்போது வெளியேறி அடுத்த செல்லைத் தேடும். ஆய்வகத் தட்டில் இந்தச் சுற்றுக்கு 4 முதல் 6 நாள் பிடிக்கும். வெளியில் திரியும் நேரம் மிகச் சிறியது. நோயெதிர்ப்புக் கதை முழுவதும் இந்த இடத்தில்தான் திரும்புகிறது.

ஆன்டிபாடி ஏன் போதாது

ஆன்டிபாடி இரத்தத்தில் மிதக்கும் புரதம். செல்லுக்கு வெளியே இருக்கும் கிருமியைத்தான் அதனால் பிடிக்க முடியும். உட்சுவர்ச் செல்லுக்குள் பதுங்கியதை எட்டாது. நோயிலிருந்து தேறிய விலங்கின் சீரத்தை எடுத்து இன்னொன்றுக்கு ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள், பாதுகாப்பு கிடைக்கவில்லை.

ஆன்டிபாடிகள் பெரும்பாலும் குறிவைப்பது கிருமியின் மேற்பரப்பில் நிறைந்திருக்கும் மேப்1 என்ற புரதத்தை. இது 16 ஜீன்கள் கொண்ட ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது; கிருமியின் வகைக்கு வகை மாறுபடும். இந்தப் புரதத்தின் ஒரு துண்டான மேப்1பி-யை வைத்துச் செய்யும் எலைசா என்னும் ஆன்டிபாடிச் சோதனைதான் நமக்குக் கிடைக்கும் பரிசோதனை அறிக்கைகளில் பெரும்பாலும் வருவது. அறிக்கை சொல்வது இவ்வளவே: இந்த மாடு ஒரு காலத்தில் இந்தக் கிருமியையோ, அதன் நெருங்கிய சொந்தமான வேறொரு எர்லிக்கியாவையோ சந்தித்திருக்கிறது.

எதிர்த்திசையிலும் அது ஏமாற்றும். திரும்பத் திரும்ப உண்ணி கடிக்கும் பகுதிகளில் மாடுகளின் மேப்1பி ஆன்டிபாடி அளவு ஏறுவதற்குப் பதிலாக இறங்கிவிடுவதை ஜிம்பாப்வே ஆய்வுகள் காட்டின. நன்றாகத் தாங்கி நிற்கும் மாடு நெகட்டிவ் என்று அறிக்கை பெறலாம். பாசிட்டிவ் வந்த மாடு, வேறு வகைக் கிருமி வந்தால் சாகலாம். ஆன்டிபாடி அறிக்கையைப் பாதுகாப்புச் சான்றிதழாக எடுத்துக்கொண்டு மாட்டுக்கு விலை பேசுவது தவறு; இதில் எனக்கு ஐயமே இல்லை.

டி செல் பார்க்கும் விதம்

டி செல்லுக்கு முழுப் புரதம் கண்ணில் படாது. வேறொரு செல் அந்தப் புரதத்தை நறுக்கி, சிறு பெப்டைடுத் துண்டாக்கி, எம்.எச்.சி. என்னும் தாங்கியில் ஏற்றி மேற்பரப்பில் நிறுத்தினால்தான் தெரியும். வீட்டுக்குள் என்ன சமைக்கிறார்கள் என்பதை வாசலில் கொட்டிய தோலையும் காம்பையும் பார்த்துச் சொல்வது போன்றது இது.

தாங்கி இரண்டு வகை. செல்லின் உட்பகுதியில் நறுக்கப்படும் புரதத்தின் துண்டுகள், 8 முதல் 11 அமினோ அமிலம் நீளமுள்ளவை, முதல் வகுப்புத் தாங்கியில் ஏறும், அவற்றை சி.டி.8 டி செல்கள் பார்க்கும். மேக்ரோஃபேஜும் டென்ட்ரிடிக் செல்லும் விழுங்கிச் செரித்த கிருமியின் துண்டுகள், பெரும்பாலும் 13 அமினோ அமிலத்துக்கு மேல் நீளமுள்ளவை, இரண்டாம் வகுப்புத் தாங்கியில் ஏறும், அவை சி.டி.4 செல்களுக்கு. மாட்டில் இந்தத் தாங்கிகளுக்கு போலா என்று பெயர். அதன் டி.ஆர்.பி.3 ஜீன் மாட்டுக்கு மாடு பெரிதும் மாறுபடும். ஒரே புரதத்தை ஒரு மாடு அழகாகக் காட்ட, பக்கத்தில் கட்டியிருக்கும் மாட்டின் தாங்கியில் அந்தத் துண்டு பொருந்தாமலே போகலாம். ஒன்றிரண்டு மாடுகளில் கிடைத்த முடிவை வைத்து மந்தை முழுவதற்கும் தடுப்பூசி செய்ய முடியாததற்கு இதுவே காரணம்.

துண்டை அடையாளம் கண்ட சி.டி.4 செல் பெருகத் தொடங்கும். கூடவே இன்டர்ஃபெரான் காமா என்னும் சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கும். ஹார்ட்வாட்டரைப் பொறுத்தவரை ஆயுதம் இதுதான். தட்டில் வளர்த்த மாட்டு உட்சுவர்ச் செல்களில் இன்டர்ஃபெரான் காமாவைச் சேர்த்தால் உள்ளே இருக்கும் கிருமியின் பெருக்கம் தடைபடுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நைரோபியில் உள்ள சர்வதேசக் கால்நடை ஆய்வு நிறுவனக் குழு 1998-இல் இன்னொரு முக்கியமான விஷயத்தை நிறுவியது: கிருமியைக் கொடுத்து எதிர்ப்பு உண்டாக்கிய மாடுகளின் டி செல்கள், அதே மாட்டிலிருந்து எடுத்துக் கிருமி ஏற்றிய உட்சுவர்ச் செல்களையும் மோனோசைட்டுகள் என்னும் வெள்ளணுக்களையும் அடையாளம் காண்கின்றன. சொந்த மாட்டின் செல்லாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். வேறு மாட்டின் செல் என்றால் தாங்கி வேறு.

மாட்டுக்கென்று ஒரு தனித்தன்மையும் உண்டு. காமா-டெல்டா டி செல்கள் மனித இரத்தத்தில் மிகச் சொற்பம். இளங்கன்றின் இரத்தத்தில் லிம்ஃபோசைட்டுகளில் (டி செல்களும் அடங்கிய வெள்ளணு வகை) பாதிக்கு மேலும் இருக்கும். வயது ஏற ஏறக் குறையும். இவை போலா தாங்கியை நம்பி இருப்பதில்லை. பிறந்த முதல் சில வாரங்களில் கன்றுகள் ஹார்ட்வாட்டரை ஆச்சரியப்படும்படி தாங்குகின்றன, தாய்க்கு எதிர்ப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதற்கு இந்தச் செல்கள் காரணமாக இருக்கக்கூடும் என்ற சந்தேகம் ஆய்வாளர்களிடையே நியாயமாகவே இருக்கிறது.

எந்தப் புரதம்?

ஆன்டர்ஸ்டீபோர்ட் குழு வெல்கெவொன்டன் வகைக் கிருமியின் மரபணுத் தொகுப்பை 2005-இல் முழுமையாக வெளியிட்டது. சுமார் 15 இலட்சம் எழுத்துகள், 888 புரத ஜீன்கள். மற்ற பாக்டீரியாக்களோடு ஒப்பிட்டால் சிறியது; ஆனால் 888 புரதங்களையும் மாட்டின் செல்களில் ஒவ்வொன்றாகச் சோதிப்பது நடக்காத காரியம். வடிகட்ட இரண்டு வழி.

பழைய வழி, கிருமியை உடைத்து அதன் புரதங்களை மின்புலத்தில் எடைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் எதிர்ப்புள்ள மாட்டின் செல்களில் விட்டுப் பார்ப்பது. இதில் திரும்பத் திரும்பத் தலைகாட்டியவை எடை குறைந்த சிறு புரதங்கள். ஆன்டிபாடிகள் கொண்டாடும் மேப்1 இதில் நாயகனாக வரவில்லை. புதிய வழி, கணினியில் ஜீன் வரிசையைப் படித்து, கிருமியிலிருந்து வெளியே சுரக்கப்படும் புரதம் எது, சவ்வில் உட்காருவது எது, போலா தாங்கியில் பொருந்தக்கூடிய துண்டு எதில் இருக்கிறது என்று கணித்து, தேர்ந்தவற்றை மட்டும் ஈ. கோலை என்னும் பாக்டீரியாவில் தயாரித்துச் சோதிப்பது. சுரக்கப்படும் புரதங்களுக்கு முன்னுரிமை தருவதில் அர்த்தம் இருக்கிறது. கிருமி உயிரோடு உள்ளே இருக்கும்போதே அது குடியிருக்கும் செல்லின் நறுக்கும் இயந்திரத்துக்கு எட்டுவது அவைதான்.

ஒரு புரதம் வேலை செய்கிறது என்று தெரிந்தால், அதை 16 அமினோ அமில நீளத் துண்டுகளாக, ஒவ்வொன்றும் முந்தையதன் கடைசி 8-ஐப் பகிரும்படி செயற்கையாகத் தயாரிப்பார்கள். 200 அமினோ அமிலப் புரதத்துக்கு 24 துண்டு வரும். எந்தத் துண்டுக்கு டி செல் எழுகிறது என்று பார்த்தால் அடையாளம் காணும் இடம் பிடிபடும்.

சோதனைத் தட்டில் நடப்பதும் கெடுவதும்

கழுத்துச் சிரையிலிருந்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் உள்ள குழாயில் இரத்தம் எடுக்க வேண்டும். ஐஸில் வைக்கக் கூடாது; அறை வெப்பத்தில் வைத்து அன்றைக்கே, முடிந்தால் சில மணி நேரத்துக்குள், செல்களைப் பிரித்துவிட வேண்டும். மறுநாள் என்றால் நியூட்ரோஃபில்கள் சிதைந்து லிம்ஃபோசைட்டுகளோடு ஒட்டிக்கொள்ளும், விளைச்சலும் குறையும்.

மனித இரத்தத்துக்கு எழுதிய செய்முறையை அப்படியே மாட்டுக்குப் போடுவதுதான் புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடம். மாட்டின் சிவப்பணுக்கள் நாணய அடுக்குப் போல ஒட்டிக்கொள்வதில்லை. ஆகவே மிக மெதுவாகப் படியும். முதலில் 1,000 ஜி-க்கு (புவியீர்ப்பைப் போல் 1,000 மடங்கு விசை) மேல் அரை மணி நேரம் சுழற்றி வெள்ளணுப் படலத்தை மட்டும் உறிஞ்சி எடுத்து, நீர்த்து, அதன் பிறகே 1.077 அடர்த்திக் கரைசலின் மேல் மெல்ல ஊற்றி மறுபடி சுழற்ற வேண்டும். இரண்டாம் சுழற்சியில் பிரேக் போடக் கூடாது. போட்டால் படலம் கலங்கிவிடும். எஞ்சிய சிவப்பணுக்களை அம்மோனியம் குளோரைடால் உடைத்து, இரண்டு மூன்று முறை கழுவி, செத்த செல்லில் மட்டும் ஏறும் ட்ரைபான் நீலச் சாயத்தில் எண்ண வேண்டும். 1 மி.லி. இரத்தத்துக்கு 10 முதல் 20 இலட்சம் செல் கிடைத்தால் திருப்தி. 90 விழுக்காட்டுக்குக் கீழே உயிர் இருந்தால் அந்தத் தொகுதியை வைத்து முடிவு சொல்லக் கூடாது.

பிறகு இரண்டு விதமான சோதனை. பெருக்கச் சோதனையில் 96 குழித் தட்டில் குழிக்கு 2 முதல் 4 இலட்சம் செல், மி.லி.-க்கு 1 முதல் 10 மைக்ரோகிராம் புரதம், 37 டிகிரியில் 5 நாள். கடைசி இரவில் கதிரியக்கத் தைமிடின் சேர்த்து, புதிதாக உருவான டி.என்.ஏ.-வில் எவ்வளவு ஏறியது என்று அளப்பது. எலிஸ்பாட் சோதனையில் தட்டின் அடிச்சவ்வில் இன்டர்ஃபெரான் காமாவைப் பிடிக்கும் ஆன்டிபாடியை முன்பே ஒட்டிவைத்து, செல்லும் புரதமும் போட்டு 1 முதல் 2 நாள் விடுவது. சுரந்த ஒவ்வொரு செல்லும் ஒரு புள்ளியாகத் தெரியும். இந்த நேரத்தில் தட்டை நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் ஒரே செல் வாலுள்ள கறையாகவோ இரண்டு புள்ளியாகவோ படும்.

பொய்யான பாசிட்டிவ் வரும் இடம் பெரும்பாலும் ஒன்றே: ஈ. கோலையில் தயாரித்த புரதத்தோடு ஒட்டிவரும் எண்டோடாக்சின். எண்டோடாக்சின் என்பது லிப்போபாலிசாக்கரைடு; எர்லிக்கியாவுக்கு அது கிடையாது, ஈ. கோலைக்கு நிறைய உண்டு. சுத்திகரிப்பில் தப்பிய சிறிதளவே மோனோசைட்டுகளைத் தூண்டிவிடும். அதன் பின்விளைவாக இன்டர்ஃபெரானும் வரும். பார்ப்பவர் தம் புரதத்தின் வெற்றி என்று எண்ணிவிடுவார். ஆகவே ஒவ்வொரு தட்டிலும் புரதமில்லாத குழி, எந்த டி செல்லையும் தூண்டும் கான்-ஏ போட்ட குழி, அதே ஈ. கோலையில் அதே முறையில் தயாரித்த சம்பந்தமில்லாத புரதம் போட்ட குழி மூன்றும் இருக்க வேண்டும். மாடுகளிலும் அப்படியே: ஹார்ட்வாட்டர் இல்லாத பகுதியில் வளர்ந்த மாடு, சோதனை மாட்டிடமிருந்து எதிர்ப்பு உண்டாக்குமுன் எடுத்த இரத்தம், இரண்டும் வேண்டும். மூன்றாவது குழியைக் காட்டாத முடிவுகளை நான் நம்பத் தயங்குவேன்.

தட்டிலிருந்து மேய்ச்சலுக்கு

தட்டில் புள்ளி வந்தால் மாடு பிழைக்குமா? மிகக் கசப்பான பாடம் இங்கேதான் கிடைத்தது. ஆன்டர்ஸ்டீபோர்ட்டில், கிருமியின் மரபணுத் தொகுப்பில் 1எச்12 என்று பெயரிட்ட பகுதியில் அருகருகே உள்ள நான்கு ஜீன்களை டி.என்.ஏ. தடுப்பூசியாகச் செம்மறிகளுக்குக் கொடுத்தார்கள். வெல்கெவொன்டன் கிருமியை ஊசியில் ஏற்றிச் சோதித்தபோது முழுப் பாதுகாப்பு கிடைத்தது. முடிவு 2007-இல் வெளியானது. அந்த வழியில் தொடர்ந்து, எதிர்ப்பு ஏற்றிய செம்மறிகளை உண்ணியுள்ள மேய்ச்சலில் விட்டபோது பிழைத்தவை ஐந்தில் ஒரு பங்குதான்.

காரணங்கள் பல இருக்கலாம். மூன்று எனக்கு முக்கியமாகப் படுகின்றன. மேய்ச்சலில் இருப்பது ஒரே வகைக் கிருமி இல்லை. ஊசி நேரே சிரைக்குள் போகிறது. உண்ணியோ தோலில் நாள்கணக்கில் தங்கி, நோயெதிர்ப்பை அடக்கும் பொருள்கள் கலந்த உமிழ்நீரோடு கிருமியைச் செலுத்துகிறது. மேலும் நாம் அளப்பது இரத்தத்தில் சுற்றும் செல்களை. சண்டை நடப்பது தோலிலும், அதன் நீர் வடியும் நிணநீர்க் கணுவிலும், உட்சுவரிலும். இனி வரும் சோதனைகளில் கணுவிலிருந்து எடுத்த செல்களையும் பார்க்காமல் ஒரு புரதத்துக்குப் பட்டம் சூட்டக் கூடாது.

உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான அனாப்ளாஸ்மா மார்ஜினேலில் கதை வேறு மாதிரி. ஆர்னால்ட் தைலர் 1910-இல் இதே நாட்டில் அதை விவரித்தார். அது வாழ்வது சிவப்பணுவில். மாட்டின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை, புரதத்தை நறுக்கிக் காட்டும் ஏற்பாடும் இல்லை, ஆகவே சி.டி.8 செல்லுக்கு வேலை இல்லை. சி.டி.4 செல் துணைநின்று உண்டாக்கும் ஆன்டிபாடியும் மேக்ரோஃபேஜுமே அங்கே கைகொடுக்கும். அதற்கும் கிருமியிடம் பதில் இருக்கிறது. தடுப்பூசி போட்டு உருவாக்கிய சி.டி.4 நினைவுச் செல்கள், உயிருள்ள கிருமி பெருந்தொகையாக இரத்தத்தில் ஏறியதும் விரைவில் மறைந்துவிடுவதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2008-இல் காட்டினார்கள்.

இதனால் கொட்டிலில் என்ன மாறும்

இன்றைக்கும் தென்னாப்பிரிக்காவில் ஹார்ட்வாட்டருக்குக் கையில் உள்ளது ஆன்டர்ஸ்டீபோர்ட் பயாலஜிக்கல் ப்ராடக்ட்ஸ் தயாரிக்கும் இரத்தத் தடுப்பூசி: 'பால் 3' (Ball 3) என்னும் வகைக் கிருமி ஏற்றிய செம்மறியின் இரத்தம், உறைநிலையில். உயிருள்ள கிருமியைக் கொடுத்து, காய்ச்சல் வந்ததும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்னும் ஆன்டிபயாடிக் மருந்தால் அடக்குவது முறை. பால் 3-ஐத் தேர்ந்தது அதில் மற்ற அறிகுறிகளுக்கு முன்பே காய்ச்சல் தெளிவாக ஏறும் என்பதால். எல்லா வகைக் கிருமிக்கும் அது காப்பு தராது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மேலே சொன்ன உயிரியலை வைத்துப் பார்த்தால் இந்த முறையின் கட்டளைகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் விளங்கும். உறைந்த குப்பி உருகியபின் அரை மணி நேரத்துக்குள் சிரையில் ஏற்றிவிட வேண்டும். செல்லுக்கு வெளியே இந்தக் கிருமி நிலைக்காது, செத்த கிருமியை ஏற்றினால் உட்சுவர்ச் செல்லில் எதுவும் பெருகாது. பிறந்து நான்கு வாரத்துக்குள் கன்றுகளுக்குப் போட்டால் பெரும்பாலும் மருந்தே இல்லாமல் தாங்கிவிடும். உண்ணி மேய்ச்சலில் வளரும் கன்றை வாரம் தவறாமல் உண்ணி மருந்தில் டிப் செய்து ஒற்றை உண்ணிகூட ஏறாமல் பார்த்துக்கொண்டால், அந்த இளவயதுத் தாங்குதிறன் வீணாகி, வளர்ந்தபின் முதல் உண்ணியிலேயே விழும். மாரியம்மன் வேண்டுதலுக்கென்று மேட்டுநிலத்திலிருந்து கிடா வாங்கி வந்து சில வாரம் கட்டி வளர்ப்பவர்களும் கவனிக்க வேண்டும்: உண்ணி இல்லாத கொல்லையில் கட்டுங்கள், அங்கே இங்கே அறுத்த புல்லைப் போடுமுன் உதறிப் பாருங்கள்.

இறந்த விலங்கு ஹார்ட்வாட்டர்தானா என்று உறுதிசெய்ய ஆன்டிபாடி வேண்டாம். மூளையின் புறணியிலிருந்து மிளகளவு துண்டை இரண்டு கண்ணாடித் தட்டுக்கு நடுவே நசுக்கி இழுத்து, ஜீம்சா சாயம் ஏற்றிப் பார்த்தால், நுண்குழாய்ச் செல்களில் உட்கருவுக்குப் பக்கத்தில் ஊதா நிறக் கூட்டம் தெரியும். மருந்து போட்ட விலங்கில் அது தெரியாமல் போகலாம்.

தடுப்பூசிக்குப் பிறகு மருந்து கொடுக்கும் வேளைதான் அதிகம் தவறுவது. பயந்துபோய் ஊசி போட்ட அன்றே, அல்லது மறுநாளே ஆக்ஸிடெட்ராசைக்ளின் கொடுத்துவிட்டால் கிருமி பெருகாது, நறுக்கிக் காட்ட ஒன்றும் இருக்காது, டி செல்லும் எதையும் கற்காது. மாடு நலமாக இருக்கும், எதிர்ப்பு மட்டும் இருக்காது. மிகத் தாமதித்தால் குழாய்ச் சுவர் கசிந்து நுரையீரலில் நீர் ஏறிவிடும். அப்போது கிருமியைக் கொன்றாலும் மாடு மிஞ்சுவது அரிது. இரண்டாம் வாரத்திலிருந்து தினமும் காலையில், வெயில் ஏறுமுன், ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்து எழுதிவைக்க வேண்டும். மாட்டின் இயல்பான அளவு 38.5 டிகிரி அளவில் இருக்கும். 40-ஐத் தாண்டி ஏறிய காலையில் கிலோவுக்கு 10 மி.கி. ஆக்ஸிடெட்ராசைக்ளின். வெயிலில் நின்ற மாட்டுக்கு மாலையில் அளந்தால் காய்ச்சலும் வெயில் சூடும் பிரித்தறிய முடியாது.